சாமிச் சொம்பில் ஒரு பல்

அடி அண்ணாமலை கிராமத்துச் சகாதேவன் பாலில் தண்ணீர் ஊற்றியதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அவனிடம் பால் வாங்கிய அத்தனை வீட்டுக்கும் அது தெரியும். காப்பி கலந்தால் நிறம் மாறவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. உறை ஊற்றினால் தயிருக்கு மேலே விரற்கடை தண்ணீர் தெளிந்து நின்றது. யாராவது கேட்டுவிட்டால் போதும், சகாதேவன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, நெஞ்சை நிமிர்த்தி, மலையைப் பார்த்து வலது கையை நீட்டுவான். "அண்ணாமலையார் மேல சத்தியமா சொல்றேன், ஒரு சொட்டு தண்ணி இருந்தா இந்தக் கை அழுவிப் போவட்டும்" என்பான். கை நன்றாகவே இருந்தது. அதே கையால் மறுநாளும் பால் அளந்தான்.

ஆள் கெட்டவன் இல்லை. ஊரில் எல்லாப் பால்காரனும் ஊற்றினான், இவனும் ஊற்றினான். மற்றவர்கள் கேட்டால் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார்கள். இவனுக்கு மட்டும் அது கௌரவப் பிரச்சினை. திருவண்ணாமலை டவுனில் இருபத்திரண்டு வீடு, ஒரு இட்லிக் கடை, எல்லாம் தன் வாய்ச் சாமர்த்தியத்தில் நிற்கிறது என்று அவன் நம்பினான், அந்த நம்பிக்கையும் முழுக்கப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

ஒரே ஒரு சொம்பு மட்டும் விலக்கு. அவன் தாத்தா காலத்திலிருந்து அடி அண்ணாமலை கோயிலுக்குக் காலை அபிஷேகத்துக்குப் பால் அவர்கள் வீட்டிலிருந்துதான் போகிறது. விடியற்காலையில் செவலைப் பசுவைத்தான் முதலில் கறப்பான். கறக்கும் முன்னால் கழுவின கையைத் துண்டில் ஈரம் போகத் துடைத்துக்கொள்வான். பித்தளைச் சொம்பு நிறைந்ததும் வாழையிலை நறுக்கை மேலே போட்டு மாடத்தில் வைப்பான். அதற்குப் பிறகுதான் கேன், அதற்குப் பிறகுதான் குடத்துத் தண்ணீர். அந்தச் சொம்பில் ஒரு சொட்டுக்கூடத் தண்ணீர் விழுந்ததில்லை. இதைப் பற்றி வெளியில் பெருமை அடித்துக்கொள்ளத்தான் அவனுக்கு வழியில்லாமல் இருந்தது. இதில் தண்ணீர் இல்லை என்று வாயைத் திறந்தால், அப்போ மற்றதில்? என்று அடுத்த கேள்வி வந்துவிடும்.

அவன் பால் ஊற்றிய வீடுகளில் ஒன்று டாக்டர் ஜாஹிராவின் வீடு. அத்தர் கடை சர்தார் சாயபுவின் மகள், மெட்ராஸில் பல் மருத்துவம் படித்துவிட்டு வந்து, திருவூடல் தெருவில் மாடியில் வீடும் கீழே ஆஸ்பத்திரியுமாக இரண்டு வருஷமாக இருந்தாள். பல் வலி என்றால் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகவேண்டும் என்று வருகிற ஊரில், பிடுங்கமாட்டேன் என்று சண்டை போடுகிற டாக்டர் அவள் ஒருத்திதான். நாற்காலியில் உட்கார்ந்தவரை எழுந்திருக்கவிடாமல் கால் மணி நேரம் பல்லைப் பற்றிப் பேசுவாள். சகாதேவனுக்கு அவளைப் பிடிக்கும். பேச்சில் தனக்குச் சமமான ஆள் என்று நினைத்தான்.

எண்பத்தாறாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு காலை, அவன் பால் ஊற்றப் போனபோது ஜாஹிரா ஒரு பெரிய அட்டையில் பிரஷ்ஷால் எழுதிக்கொண்டிருந்தாள். 'அடிபட்டு விழுந்த பல்லைத் தூக்கிப் போடாதீர்கள். கழுவாதீர்கள். தேய்க்காதீர்கள். பாலில் போட்டு உடனே கொண்டுவாருங்கள்.'

"இன்னா டாக்டரம்மா, விழுந்த பல்லு திரும்ப முளைக்குமா?"

"முளைக்காதுண்ணா, நடலாம். போன மாசம் ஒரு பையனுக்கு பந்து பட்டு முன்பல்லு வந்துடுச்சு. அவங்கம்மா பாவம், அத சாம்பல் போட்டுத் தேச்சு, பளபளன்னு முத்து மாதிரி வெத்தலையில வெச்சுக் கொண்டாந்தாங்க. சுத்தமா இருக்கணுமேனு தேச்சிருக்காங்க. நான் அத இன்னா பண்றது? வேர் மேல இருந்த உயிரெல்லாம் சாம்பலோட போயிடுச்சு."

"வேர் மேல உயிரா?"

அவ்வளவுதான், ஜாஹிரா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டாள். பல்லின் வேர் எலும்பில் நேராக ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை, நடுவில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது, அதுதான் பல்லைத் தாங்குகிறது என்று ஆரம்பித்தாள். அந்தச் சவ்வுக்குள் ஒரு வேடிக்கை இருக்கிறதாம்.

"வேரைக் கட்டறதுக்குன்னே ஒரு கூட்டம் செல்லு வருதுண்ணா. வீடு கட்ட வர்ற கொத்தனாருங்கன்னு வெச்சுக்கோங்க. வேலை முடிஞ்சா மூட்டைய கட்டிக்கினு போயிடணும் இல்ல? எல்லாம் போறதில்ல. அங்க ரெண்டு இங்க நாலுன்னு வேரைச் சுத்தி தங்கிடுதுங்க. எங்க புத்தகத்துல அத மிச்சம் மீதின்னு எழுதி வெச்சிருக்காங்க, ஒண்ணுத்துக்கும் உதவாதுன்னு. நான் ஒத்துக்க மாட்டேன். வேலை இல்லாதவன் இத்தன வருஷம் ஒரு இடத்துல உக்காந்திருப்பானா? எலும்பு மெல்ல நகர்ந்து வந்து வேரைத் தின்னுடாம, அதுங்கதான் நடுவுல நின்னு எடத்தைப் பாத்துக்கிது. இப்ப வெளிநாட்டுல சில பேரும் அப்படித்தான் சொல்ல ஆரம்பிச்சிருக்காங்க."

பிற்காலத்தில் அந்த மிச்சம் மீதிக்குள் ஸ்டெம் செல் இருக்கிறது என்று பெரிய பெரிய ஆராய்ச்சிகள் வந்தன. அன்றைக்கு அதெல்லாம் இல்லை. ஜாஹிராவுக்கு இருந்தது பிடிவாதம் மட்டும்தான்.

"செரி, பாலு எதுக்கு?"

"பச்சத் தண்ணியில போட்டா அந்தச் செல்லு தண்ணியக் குடிச்சு உப்பி வெடிச்சிடும். பால்ல இருக்கற உப்பு நம்ம உடம்புல இருக்கற மாதிரி அளவா இருக்கு, அதனால கொஞ்ச நேரம் உயிரோட இருக்கும்."

சகாதேவனுக்குப் பெருமை தாங்கவில்லை. உலகத்தில் பாலுக்கு இப்படி ஒரு மரியாதை இருப்பது அவனுக்கு அதுவரை தெரியாது. "அப்போ நம்ம பாலுன்னே எழுதிடுங்க டாக்டரம்மா, அடி அண்ணாமலை சகாதேவன் பாலுன்னு" என்றான்.

ஜாஹிரா அவனைப் பார்த்தாள், பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்த தன் காப்பியைப் பார்த்தாள். சிவப்பு மையை எடுத்து, அட்டையின் அடியில் ஒரு வரி சேர்த்தாள். 'தண்ணீர் கலக்காத பால்.' அதற்கு அடியில் ஒரு கோடும் போட்டாள்.

சகாதேவனின் கை தானாக மலைப் பக்கம் எழுந்தது. "போதும்ணா, அவர நிம்மதியா இருக்க விடுங்க" என்று ஜாஹிரா சிரித்துவிட்டாள். அட்டை அன்றைக்கே ஆஸ்பத்திரிச் சுவரில் ஏறியது. தினமும் அதன் கீழே நின்று பால் அளக்கும்போதெல்லாம் சகாதேவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டில் போய்ப் புலம்பினால் அங்கேயும் ஆதரவு இல்லை. அவன் மகள் கஸ்தூரி, பத்தாவது படிக்கிறவள், வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள். பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் இரண்டு வருஷமாக அவள்தான் முதல் பரிசு. "நீ ஊத்தறது எனக்கே தெரியுது நைனா, டாக்டருக்குத் தெரியாதா?" என்று முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். வேறு யார் அப்படிச் சிரித்திருந்தாலும் சகாதேவன் சண்டைக்குப் போயிருப்பான். மகளின் சிரிப்பைப் பார்த்தால் அவனுக்குக் கோபம் நிற்காது. அந்தச் சிரிப்புக்காகவே சில சமயம் அவளிடம் வலியப் போய் வசவு வாங்கிக்கொள்வான்.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை. கறவை முடிந்து, கன்றுகளை அவிழ்த்துவிட்டு, மூன்று கேன்களும் சைக்கிளில் ஏறத் தயாராக இருந்தன. கொட்டகைக்குப் பக்கத்தில் பஞ்சாயத்து அடிபம்பு. கஸ்தூரி அடித்துக் கொடுத்த முதல் குடம் வழக்கம்போலக் கேன்களுக்குள் போய்விட்டது. இரண்டாவது குடம் மாட்டுத் தொட்டிக்கு. பம்பின் கைப்பிடியை முழு பலத்தோடு அழுத்தினாள், தேய்ந்துபோயிருந்த ஆணி கழன்றது, இரும்புக் கைப்பிடி விருட்டென்று மேலே எழும்பி அவள் வாயில் அடித்தது.

சகாதேவன் ஓடிப் போய்ப் பார்த்தபோது அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் ரத்தம். மேல் வரிசையில் நடுப்பல் ஒன்று இருந்த இடத்தில் ஓட்டை. பல் முழுசாக, வேரோடு, பம்பு மேடையின் ஓரத்தில் கிடந்தது. அவன் மனைவி தனம் அலறிக்கொண்டு வந்து முதலில் மகளைக் கட்டிக்கொண்டாள், அப்புறம் பல்லைப் பொறுக்கி எடுத்து, மண் போகட்டும் என்று குடத்துத் தண்ணீரை நோக்கிக் கையைக் கொண்டு போனாள்.

"தண்ணியில போடாதடி" என்று சகாதேவன் கத்தினான். வாழ்க்கையில் தண்ணீர் வேண்டாம் என்று அவன் சொன்னது அதுதான் முதல் தடவை.

பல்லை, கடிக்கிற முனையில் மட்டும் பிடித்து வாங்கிக்கொண்டான். பாலில் போடவேண்டும். கேன் பக்கம் திரும்பினான். மூன்று கேன் நிறையப் பால் இருந்தது, மூன்றிலும் தண்ணீர் இருந்தது. பசுக்களைத் திரும்பிப் பார்த்தான். கன்றுகள் முட்டி முட்டிக் குடித்து முடித்திருந்தன, எல்லா மடியும் வற்றித் தொங்கியது. மாடத்தில் பித்தளைச் சொம்பு இருந்தது.

அவன் கால் நகரவில்லை. எச்சில் கை ஒருநாளும் படாத சொம்பு அது. அதில் ரத்தமும் சதையுமாக ஒரு பல்லைப் போடுவதா? அவன் அப்பா போட்டதில்லை, தாத்தா போட்டதில்லை, அப்படி ஒரு கேள்வியே அவர்களுக்கு வந்ததில்லை. தனம் அவன் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, அது சாமியோடது" என்றாள். எப்போதும் பேசுகிற கஸ்தூரி பேசாமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அவனால் தாங்க முடியவில்லை. வாழையிலையை எடுத்துப் போட்டுவிட்டுப் பல்லைச் சொம்புக்குள் விட்டான்.

கேன்களை அங்கேயே விட்டுவிட்டு மகளைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்தான். அவள் ஒரு கையில் சொம்பு, மறு கையில் வாயை அழுத்திப் பிடித்த துணி. கிரிவலப் பாதையில் அவன் மிதித்த மிதிக்கு அரை மணிக்குள் திருவூடல் தெரு வந்துவிட்டது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

ஆஸ்பத்திரி அப்போதுதான் திறந்திருந்தது. பெஞ்சில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் பரசுராமன், வீங்கின கன்னத்தோடு. இன்னொருத்தி இட்லிக் கடை காசியம்மாள், கட்டின பல்லைக் காட்ட வந்தவள். இருவருமே சகாதேவனிடம் பால் வாங்குகிறவர்கள். பாலை இன்னும் காணோமே என்று அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்கள்.

ஜாஹிரா கஸ்தூரியை நாற்காலியில் சாய்த்து வாயைப் பார்த்தாள். நாற்காலிக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு திரைதான், அதுவும் ஒதுங்கியிருந்தது. சொம்புக்குள் எட்டிப் பார்த்தாள். "எவ்ளோ நேரம் ஆச்சு?"

"முக்கா மணி ஆவல டாக்டரம்மா. தண்ணி காட்டல, தேய்க்கல, நீங்க எழுதினாப்பலயே பால்ல போட்டுக் கொண்டாந்துட்டேன்."

"வெளிய எவ்ளோ நேரம் கெடந்துது?"

"அஞ்சு நிமிஷம் இருக்காது."

ஜாஹிரா சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு அவனை நேராகப் பார்த்தாள். "இதுல தண்ணி கலந்திருக்காண்ணா?"

"இல்ல டாக்டரம்மா."

"அண்ணா, இது காப்பி விஷயம் இல்ல. நல்லா கேட்டுக்கோங்க. பாலு சுத்தம்னா வேர் மேல இருக்கற சவ்வு உயிரோட இருக்கும். நான் அத விரலால கூடத் தொடாம அப்படியே நட்டுடுவேன், ஒட்டிக்கும், அவ ஆயுசுக்கும் நிக்கும். தண்ணி கலந்த பாலுன்னா அது இந்நேரம் செத்திருக்கும். செத்தத அப்படியே உள்ள வெச்சா அழுகி சீக்கிரமே பல்ல இழுத்துக்கினு போயிடும். அப்போ நான் சுரண்டி எடுத்துட்டு, மருந்துல ஊறவெச்சு நடணும். அஞ்சாறு வருஷம் ஓடும். அதுக்குள்ள எலும்பு வேரைத் தின்னுடும். உயிரோட இருக்கறத தெரியாம சுரண்டிட்டாலும் அதே கதிதான். எது செய்யட்டும், சொல்லுங்க."

"சுத்தமான பாலும்மா." கை மலைப் பக்கம் எழுந்தது. "அண்ணாமலையார் மேல சத்தியமா..."

பெஞ்சிலிருந்து பரசுராமன் வீங்கின வாயோடு சொன்னார். "அந்த சத்தியத்த நம்பாதீங்கம்மா. பத்து வருஷமா எனக்கும் அதத்தான் பண்றான்."

ஜாஹிரா முகத்தில் இரக்கம் இருந்தது, நம்பிக்கை இல்லை. அவளும் இரண்டு வருஷமாக அந்தக் காப்பியைக் குடித்தவள்தானே. சொம்பைக் கீழே வைத்துவிட்டு, தட்டில் இருந்த சுரண்டுகிற கருவியை எடுத்தாள். "நேரம் போவுதுண்ணா. நான் சுரண்டிடறேன்."

சகாதேவன் வாழ்நாளில் அப்படி ஒரு இடத்தில் நின்றதில்லை. அவன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மையை யாரும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். இன்னும் பெரிய சத்தியமாகப் பண்ணலாம், மகள் தலையில் அடித்துக்கூடப் பண்ணலாம். அதையும் போன பொங்கலுக்குக் காசியம்மாளிடம் பண்ணியாகிவிட்டது. பித்தளைச் சொம்பையும் பெஞ்சில் இருந்தவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். நீட்டின கையை இறக்கினான்.

"டாக்டரம்மா, நிறுத்துங்க. உங்களுக்கு நான் ஊத்தற பாலுல மூணு பங்குக்கு ஒரு பங்கு தண்ணி. போஸ்ட்மாஸ்டர் சாருக்கும் அதான். காசியம்மாவுக்குப் பாதிக்குப் பாதி, அது எப்படியும் டீயில கொதிக்கப் போவுதுன்னு. பத்து வருஷமா ஊத்தறேன். இன்னிக்கும் ஊத்தியாச்சு, மூணு கேன்லயும் ஊத்தினது வீட்ல அப்படியே நிக்குது. அதனாலதான் அதுல போடல. இது சாமி பாலு. அபிஷேகத்துக்குப் போற சொம்பு. இதுல நான் ஊத்த மாட்டேன், எங்கப்பாவும் ஊத்தினதில்ல. அத எடுத்துத்தான் என் பொண்ணு பல்லப் போட்டேன்."

காசியம்மாள் திறந்த வாயை மூடவில்லை. நாற்காலியில் சாய்ந்திருந்த கஸ்தூரி, வாயில் துணியோடு, டாக்டரின் கையைத் தொட்டாள். மூன்று விரலைக் காட்டி, பிறகு ஒரு விரலைக் காட்டினாள். பிறகு சொம்பைக் காட்டி, இல்லை என்று கையை விரித்தாள். இத்தனை நாள் அப்பனைச் சிரித்துச் சிரித்துக் கேலி செய்தவள் கண்ணில் இப்போது தண்ணீர் ஓடியது.

ஜாஹிரா சுரண்டுகிற கருவியைத் தட்டில் போட்டுவிட்டாள். ஒரு மனிதன் தன் மானத்தைத் தானே எடுத்துக் கீழே போட்டுவிட்டுச் சொல்வதை நம்பாமல் வேறு எதை நம்புவது என்று அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும். "நீங்க கையப் புடிச்சுக்கோங்கண்ணா" என்றாள்.

மரத்துப்போக ஊசி போட்டாள். பல்லைக் கடிக்கிற முனையில் பிடித்து எடுத்து, மருந்துநீர் விட்டு அலசி, வேரில் விரல் படாமல் ஓட்டைக்குள் மெல்ல ஏற்றினாள். ஒரு சின்ன சத்தத்தோடு அது தன் இடத்தில் உட்கார்ந்தது. இரண்டு பக்கத்துப் பல்லோடும் மெல்லிய கம்பியை வைத்துப் பசை போட்டு இணைத்தாள். பத்து நாள் கூழும் கஞ்சியும்தான், கடிக்கக் கூடாது. உள்ளே இருக்கிற நரம்பு செத்துத்தான் போகும், அதை அடுத்த வாரம் எடுத்துவிட்டு அடைத்துவிடலாம், அதனால் பல்லுக்கு ஒன்றும் ஆகாது. முக்கியம் வெளியே இருக்கிற சவ்வுதான்.

"ஒட்டிக்கிச்சான்னு எப்போ தெரியும்?"

"ஒரு வருஷம் ஆவும். மாசா மாசம் கூட்டிக்கினு வாங்க, தட்டிப் பாக்கலாம். எலும்பு வேரோட ஒட்டிக்கிட்டா, தட்டினா இரும்பு மாதிரி ணங்குனு கேக்கும். சவ்வு உயிரோட இருந்தா சத்தம் மொத்தமா, அடங்கி வரும்."

சகாதேவனுக்கு அது உடனே புரிந்தது. காலிக் கேன் ணங் என்று கேட்கும், பால் நிறைந்த கேன் டொக் என்று கேட்கும்.

வெளியே வந்தபோது காசியம்மாள் காத்துக்கொண்டிருந்தாள். "பாதிக்குப் பாதியா? அடப்பாவி, எனக்கு மட்டும் ஜாஸ்தி ஊத்துவியா?" என்று ஆரம்பித்தவள், கஸ்தூரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "மீதிய நாளைக்குத் திட்டறேன், புள்ளய கூட்டிக்கினு போ" என்று விட்டுவிட்டாள். சொன்னபடி மறுநாள் திட்டினாள். அதற்கு மறுநாளும் திட்டினாள்.

மத்தியானம் சகாதேவன் கோயிலுக்குப் போனான். குருக்கள் வாசலில் நின்றிருந்தார். நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, "இன்னிக்கு அபிஷேகம் எப்படி சாமி ஆச்சு?" என்று கேட்டான்.

"பால் வரலை. தண்ணியில பண்ணிட்டேன்" என்றார் குருக்கள். "ஊர்ல எல்லாருக்கும் நீ குடுத்துண்டிருந்தத இன்னைக்கு ஒரு நாள் சுவாமியும் வாங்கிண்டார். அதுக்கென்ன. குழந்தை எப்படி இருக்கா? சொம்பைப் புளி போட்டுத் தேய்ச்சு நாளைக்குக் கொண்டு வா."

மறுநாள் விடியற்காலையில் சொம்பு நிறைந்தது, கேன்கள் நிறைந்தன, குடத்தில் தண்ணீர் தயாராக இருந்தது. சகாதேவன் குடத்தைத் தூக்கினான். எதிரே கட்டிலில் கஸ்தூரி உட்கார்ந்திருந்தாள், உதடு வீங்கி, கம்பி கட்டின பல்லோடு. மேல் உதட்டை மட்டும் கொஞ்சம் தூக்கி அந்தப் பல்லைக் காட்டினாள். சகாதேவன் குடத்தை அப்படியே கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் கவிழ்த்தான். "இப்ப சந்தோஷமா? ஆறு வூட்டுக்குப் பாலு பத்தாது, நீயே வந்து பதில் சொல்லு" என்று எரிந்து விழுந்தான். ஆறு வீட்டை நிறுத்தவேண்டித்தான் வந்தது. நிறுத்தின வீட்டுக்காரர்கள்தான் ஜாஸ்தி சண்டை போட்டார்கள். இத்தனை நாள் தண்ணி ஊத்திக் கொடுத்துவிட்டு, நல்ல பாலாக ஆனதும் எங்களை நிறுத்துகிறாயா என்று கேட்டார்கள்.

அந்த வருஷம் முழுக்க அவன் மாசம் தவறாமல் மகளைக் கூட்டிக்கொண்டு போனான். ஜாஹிரா சின்னக் கண்ணாடியின் காம்பால் பல்லைத் தட்டும்போதெல்லாம் அவன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பான். மூன்றாவது மாசம் நன்றாக இருந்தது. ஆறாவது மாசம், இந்தச் சத்தம் கொஞ்சம் மாறுகிறதோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்து, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கஸ்தூரிதான், "நைனா, கேன தட்டித் தட்டி உன் காது கெட்டுப்போச்சு" என்று சமாதானம் சொன்னாள். தை மாதப் பேச்சுப் போட்டியில் அந்தப் பல்லோடுதான் பேசினாள், பரிசும் வாங்கினாள். ஆனாலும் டாக்டர் சொன்ன ஒரு வருஷம் அவன் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டே இருந்தது.

எண்பத்தேழு ஆவணி வந்தது. ஆஸ்பத்திரிப் பெஞ்சில் பரசுராமன் அன்றைக்கும் இருந்தார், வேறு ஒரு பல்லுக்காக. பக்கத்தில் வேங்கிக்காலிலிருந்து வந்த டீச்சர் ஒருத்தி, ஊருக்குப் புதுசு, சுவரில் இருந்த அட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஜாஹிரா முதலில் பக்கத்துப் பல்லைத் தட்டினாள். டொக். பிறகு அந்தப் பல்லைத் தட்டினாள். டொக்.

"இன்னொரு வாட்டி தட்டுங்கம்மா" என்றான் சகாதேவன்.

தட்டினாள். விரலால் லேசாக அசைத்தும் பார்த்தாள். மற்றப் பல் அசைகிற அளவுக்கு, ஒரு மயிரிழை, அதுவும் அசைந்து கொடுத்தது. ஜாஹிரா கண்ணாடியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் அத்தனை பெரிய சிரிப்பை அவன் பார்த்ததில்லை. "பல்லு பொழச்சிடுச்சுண்ணா. எலும்பு கிட்டவே வரல. கொத்தனாருங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க, அவங்கவங்க எடத்துல. இனிமே என்கிட்ட வர வேணாம்."

சகாதேவன் அழுதான், அதை மறைக்கவும் இல்லை. கஸ்தூரி நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி அவன் தோளில் ஒரு அடி வைத்தாள்.

திரைக்கு வெளியே வந்தபோது அந்த டீச்சர் அட்டையைக் காட்டி டாக்டரிடம் கேட்டாள். "எங்க ஸ்கூல்லயும் பசங்க தினம் விழறாங்க டாக்டர், இத எழுதி ஒட்டணும். ஆனா தண்ணி கலக்காத பாலுக்கு இந்த ஊர்ல எங்க போறது?"

"இதோ, இவர்கிட்ட" என்றாள் ஜாஹிரா.

டீச்சர் சகாதேவனைத் திரும்பிப் பார்த்தாள். "நெஜமாவா? தண்ணியே ஊத்த மாட்டீங்களா?"

பரசுராமன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சகாதேவனின் வலது கை பழைய வழக்கத்தில் பாதி எழுந்தது. கஸ்தூரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை இறக்கிச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"ஊத்த மாட்டேங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

டீச்சர் பரசுராமனைப் பார்த்தாள். பரசுராமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலையை மட்டும் ஆமாம் என்று ஆட்டினார்.

"அப்போ நாளையிலிருந்து எங்க வீட்டுக்கு ஒரு லிட்டர் ஊத்துங்க" என்றாள் டீச்சர்.